கீறல் மேல வரணும்

திருடலன்னு சொல்லுதேன்ல. திருடினவ அந்த மவுத்பீஸைக் கழுவித் துடைச்சு, கைக்குட்டையில சுத்தி, டிபன் டப்பாக்குள்ள வெச்சு, ரிகர்சலுக்கே பத்திரமா தூக்கிட்டு வருவாளா மாஸ்டர்? பையிலதான் இருந்துச்சு. வாயில இல்ல, அவ்வளவுதான். அதுக்குப் போயி மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வயலினை மடியில சாய்ச்சுக்கிட்டு வேடிக்கை பாக்க, திருடி, திமிர் பிடிச்சவ, செத்தவனை மதிக்காதவ, இன்னும் என்ன, ஆங், அகங்காரம், பத்தொம்பது வயசுல இவ்வளவு அகங்காரம் ஆகாதுன்னீங்களே, எந்த வயசுலன்னா ஆகும், அறுவது வயசுலயா, கையில குச்சி இருந்தா ஆகுமா, கேக்கேன். இப்பத்தான் கேக்கேன், ஹாலுக்குப் பின்னாடி குழாயடியில நின்னுக்கிட்டு, நீங்க உள்ள காத்தாடிக்குக் கீழ டீ குடிச்சுக்கிட்டு இருக்கையில. அப்ப கேக்க முடியல. அப்ப வாய்க்குள்ள ரத்தம். மேல் உதட்டுக்கு உள்பக்கம், இடது ஓரம், பல்லு பதிஞ்சு கிழிஞ்சிருக்கு. துப்புதேன், செவப்பா சிமெண்டு வாய்க்கால்ல ஓடி, அங்க கெடக்க வாதாமர இலைகிட்ட நின்னு, யோசிச்சுட்டு, சுத்திக்கிட்டுப் போகுது. உப்புத் தண்ணி. இந்த ஊர்ல குழாயும் உப்பு, காத்தும் உப்பு, இப்ப ரத்தமும். டீ முடிஞ்சு மணி அடிக்கும்போது ஆல்பனோட மவுத்பீஸ், ஏழு வருஷம் முன்னாடி செத்துப்போன பழைய முதல் ஹார்ன்காரரோடது, என் வாயில இருக்கணும், இல்ல முதல் நாற்காலியை ரெண்டாவது ஹார்ன் செல்வின் அண்ணனுக்குக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். அதுதான தீர்ப்பு? ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயித்துக்கிழமை சாயந்திரம் கோயில்ல லைட்டெல்லாம் அணைச்சுட்டு, வேற ஒரு சத்தமும் இல்லாம, ஹார்ன் மட்டும் தனியா எட்டு பார், எட்டே எட்டு தாள அளவு, ஊதுமே, அதை நான் ஊதணும்னா அவரு மவுத்பீஸ்ல ஊதணும். செத்தவரு வாயால ஊதணும். என் வாய் எதுக்கு மாஸ்டர் பிறகு? காத்து அடிக்க பம்பா?

டப்பாவைத் தொறந்து வெச்சிருக்கேன். கழுவ ஊத்தின வெந்நீர் ஆறிப்போச்சு. உள்ள மூணு கெடக்கு, மூணு குட்டிப் புனல், மூணு வெள்ளிப் பூ. பாக்கிறவங்களுக்கு மூணும் ஒண்ணுதான், எங்கம்மா கேப்பா, இதுக்கும் அதுக்கும் என்னட்டி வித்தியாசம், ஏதோ எண்ணெய் ஊத்துத புனல் கணக்கா இருக்குன்னு. இருக்கும்மா. அவ்வளவு பெரிய பித்தளைக் குடல், விரிச்சா ஒரு தெருவுக்கு நீளும், அது மொத்தமும் இந்த ஒரு வளையத்துலதான் வாயோட சேருது. வளையத்தோட விளிம்பு கொஞ்சம் அகலமானா உதடு ரொம்ப நேரம் தாங்கும், ஆனா சோம்பேறியாயிரும். குறுகலானா சொன்னதைக் கேக்கும், ஆனா அறுக்கும். குழி ஆழமானா சத்தம் இருட்டா வரும், மேல போறதுக்கு மூச்சு முட்டும். ஒண்ணு இது, ஹார்னோட சேத்து வந்தது, தகரம், தண்டு சரியா உக்காராது, ஊதும்போது லொடலொடன்னு பல்லோட பேசும். ரெண்டாவது என்னோடது. நான் தேடிப் புடிச்சது. மெட்ராஸ்ல அந்தக் கடையில கண்ணாடி மேசை மேல ஒரு தட்டு நிறைய பரப்பி வெச்சான், ஒவ்வொண்ணா ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுத் துடைச்சு நான் ஊதிப் பாக்கேன், அம்மா வாசல்ல குடையோட நின்னு கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கா, கோவிச்சுக்கிடாதீங்க தம்பி, இவ செருப்பு வாங்கினாலும் தெரு வரைக்கும் நடந்து பாத்துட்டுத்தான் வாங்குவான்னு. காலையில உதடு பொய் சொல்லும்னு எனக்குத் தெரியும், புது உதட்டுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அதனால மத்தியானம் வரைக்கும் ஊதி, உதடு செத்த பிறகு, கீழ்ச் சுரம் ஒண்ணை மெல்ல, ரொம்ப மெல்ல, தூங்குத பிள்ளைக்குப் பக்கத்துல ஊதுத மாதிரி ஊதினேன். ஒவ்வொண்ணா உடைஞ்சுது. உடைஞ்சுது. உடைஞ்சுது. பிறகு இது. வாயில இருக்கதே மறந்து போச்சு. கடைக்காரன் நிமிந்து பாத்தான், அம்மா குடையை மடக்கினா. இன்னைக்கும் அதேதான மாஸ்டர் நடந்துச்சு? எட்டு பாரும் ஒரு கீறல் இல்லாம வந்துச்சா இல்லையா? வந்துச்சு. அதுதான் உங்களுக்குப் பொறுக்கல. சத்தம் வேறயா இருக்கேன்னு குச்சியைக் கீழ வெச்சீங்க, வயலின்களுக்கு நடுவுல வந்தீங்க, எனக்கு முன்னாடி நின்னீங்க, நான் இன்னும் அந்தக் கடைசிச் சுரத்துலதான் இருக்கேன், நிறுத்தல, நீங்க நிறுத்தச் சொல்லல, ஹார்னோட விரிஞ்ச வாய் இருக்கே, அந்தப் பெல்லுக்கு அடியில கையைக் குடுத்து, பெல்லைத் தூக்கு பெல்லைத் தூக்குன்னு வழக்கமா தட்டுவீங்களே, அந்தத் தட்டு. இன்னைக்கு அது தட்டு இல்ல, மவுத்பீஸ் பல்லுல போய் இடிச்சுது. டக். மண்டைக்குள்ள கேட்டுச்சு. வெளிய யாருக்கும் கேட்டிருக்காது, இல்ல கேட்டிருக்கும், பக்கத்துல செல்வின் அண்ணனுக்குக் கேட்டிருக்கும், அவரு குனிஞ்சு வால்வுக்கு எண்ணெய் போட ஆரம்பிச்சாரு. எண்ணெய் பாட்டில் மூடியைக் கூடத் தொறக்கல.

டக். இந்தச் சத்தத்தை நான் எங்கேயோ. விடு. மூணாவது. மூணாவதை எடுக்கேன். ஆல்பனோடது. சனியன், தண்ணியில கெடந்தும் சுடுது, யாரோ இப்பத்தான் வாயில இருந்து எடுத்துட்டு என் கையில குடுத்த மாதிரி. நாலு மாசமா இப்படித்தான். வீட்டுல மேசை மேல ராத்திரி பூரா கெடந்தாலும் காலையில தொட்டா ஒரு இளஞ்சூடு. பைத்தியம்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். ஊதுததுக்கு மூச்சு இழுப்பேன்ல, அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்குத சத்தம், எனக்கு முன்னாடி, என் வாய்க்கு உள்ள. அவரு மூச்சுக்கு நான் காத்திருக்கேன். அவரு இழுத்த பிறகுதான் என்னால இழுக்க முடியுது. இதை மாஸ்டர்கிட்ட சொன்னா கண்ணு கலங்கிருவாரு, ஆஹா, ஆல்பன் உன்கிட்ட வந்துட்டான்னு கன்னத்தைத் தட்டுவாரு. எனக்கு வேண்டாம். என் கனவுல என் முன்பல்லு பாதி இல்ல, நாக்கால தேடுதேன், கூரா இருக்கு, முழிச்சா முழுசா இருக்கு, நாக்கு மட்டும் நம்ப மாட்டேங்கு, திரும்பத் திரும்பப் போய் அந்த இடத்தையே தடவுது, இடது பக்கம், மேல் வரிசை. ஏன் அந்த இடம்? ஏன்னா அங்கதான் இது அறுக்குது. நாலு மாசத்துல மேல் உதட்டுல ஒரு மிளகு அளவுக்கு மரத்துப்போச்சு. ஊசியால குத்திப் பாத்தேன், தெரியல. அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு முன்னாடி ஜோயல் அண்ணன் முதல் நாற்காலியில இருந்தாரு, உதடு வீங்கி வீங்கி வெடிச்சு, இப்ப கல்யாண ஹால்ல கீபோர்டு வாசிக்காரு. அடுத்து பிரிட்டோ, நல்லா ஊதுவான், ஒரு ஈஸ்டர்ல நடுவுலயே எந்திரிச்சுப் போனவன்தான், ஹார்னையே வித்துட்டான். அவங்க ரெண்டு பேருக்கும் தகுதி இல்லைன்னு சொன்னீங்க. ஆல்பன் ஊதினது தெய்வ வாயி, அதுக்குத் தாங்குத உதடு வேணும்னீங்க. ரெண்டு பேரும் நம்பிட்டாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. தகுதி இல்லன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க, ஒருத்தன், ஒரே ஒருத்தன் இந்த விளிம்பை விரலால தடவிப் பாத்திருக்கக் கூடாதா?

நான் பாத்தேன். நேத்து. வெயில்ல ஜன்னல்கிட்ட வெச்சுப் பாத்தேன். ஒரு பக்கம் வெள்ளி போயி மஞ்சளா பித்தளை தெரியுமே, விருந்தாளி யாரு வந்தாலும் காட்டுவீங்களே, பாருங்க, வாசிச்சு வாசிச்சுத் தேஞ்ச இடம், என்ன தியாகம்னு, மேயரம்மா வந்தப்ப அந்தம்மா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்களே, அந்த இடம். தியாகம் தேய்க்கும்னா வளையம் பூரா தேய்க்கணும்ல? உதட்டுக்கு என்ன, ஒரு ஓரத்துல மட்டும் கோபமா? நகத்தை வெச்சு இழுத்தேன், சரக் சரக்னு சன்னமா கோடு கோடா மாட்டுச்சு. அரத்தோட கோடு. இது தேஞ்சது இல்ல. ராவினது. யாரோ உக்காந்து, பாத்துப் பாத்து, ஒரு சின்ன இடத்தை மட்டும் தட்டையா ராவியிருக்காங்க, அங்க என்னவோ வந்து முட்டுது, முட்டாம இருக்கணும்னு. பிறகு தண்டுல அந்தக் கீறல். கீறல் மேல வரணும். ஹார்ன்ல மாட்டும்போது கீறல் மேல் பக்கமா பாத்து மாட்டணும், ஆல்பன் அப்படித்தான் மாட்டுவான், அதனால நாமளும் அப்படித்தான். ஜோயல் அண்ணன் மாட்டினாரு, பிரிட்டோ மாட்டினான், முதல் நாள் என் கையைப் பிடிச்சு நீங்களே திருப்பி மாட்டிவிட்டீங்க, கும்பிட்டுட்டு. ஏன் மாஸ்டர்? மவுத்பீஸ் வட்டம். வட்டத்துக்கு ஏது மேல, ஏது கீழ? தோசைக்கு மேல் பக்கம் எதுன்னு யாராவது கேப்பாங்களா? ராவின இடம் அவரு வாயில ஒரே இடத்துல வந்து உக்காரணும், அதுக்கு அவரு போட்ட அடையாளம் அது. இடது பக்கம், மேல் வரிசை. அங்க ஒரு பல்லு கூரா இருந்திருக்கு. ஒரு உடைஞ்ச பல்லுக்காக ராவின விளிம்பை, உடையாத பல்லுக்காரங்க எல்லாரும் வாயில வெச்சு அறுபட்டு அறுபட்டு, தகுதி இல்லன்னு வீட்டுக்குப் போயிருக்கோம்.

ஆனா பல்லு லாரிதான உடைச்சுச்சு? அப்படித்தான ஊரே சொல்லுது. துறைமுக ரோட்டுல, தை மாசம், உப்பு ஏத்தின லாரி ஆல்பன் அண்ணனை அடிச்சுப்போட்டுச்சு. சவப்பெட்டிக்குள்ள வெச்சிருந்தப்ப நானும் போனேன், பன்னெண்டு வயசு, அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு, முகத்துல ஒரு காயம் இல்ல, வாய் மட்டும் லேசா தொறந்து, முன்பல்லு பாதி. நீங்கதான மைக்ல அழுதீங்க, முத்து மாதிரி பல்லு, என் பிள்ளை பல்லை லாரிக்காரன் உடைச்சுட்டானேன்னு. ஊரே அழுதுச்சு. நானும் அழுதேன். அப்படின்னா இதை ராவினது யாரு? செத்த பிறகு எந்திரிச்சு வந்து ராவினாரா? அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ் ரெக்கார்டிங் என் போன்ல இருக்கு, அப்பவே இந்த மவுத்பீஸ்தான், கிட்ட எடுத்திருக்காங்க, பளிச்சுன்னு மஞ்சள் ஓரம் தெரியுது. ஹால்ல மாலை போட்டு மாட்டியிருக்கீங்களே, அந்தப் போட்டோவும் அந்தக் கிறிஸ்துமஸ்தான். வாயை இறுக்கி மூடிக்கிட்டு சிரிக்காரு. எல்லாரும் அடக்கமான பையன்னு சொல்லுவாங்க. நான் ஊதும்போதெல்லாம் அந்தப் போட்டோ என்னைத்தான் பாக்கும், நேத்து வரைக்கும் என்னமோ என்னைய முறைக்காருன்னு நெனைச்சேன், என் எடத்துல உக்காந்திருக்கியேன்னு. முறைக்கல. வாயைத் தொறக்க முடியாம பாக்காரு.

"ஸ்டெனி, இங்கயா நிக்க? ஐயோ, ஏம்மா வாயில ரத்தம்?" பிலோ அத்தை. கடவுளே, இவங்களா இப்ப? பிலோமினா அத்தை, ஆல்பன் அண்ணனோட அம்மா, வெள்ளைச் சேலை, கையில அதே பிளாஸ்க், ஒவ்வொரு வருஷமும் குருத்து ஞாயிறு நெருங்கினா ரிகர்சலுக்கு வந்து கடைசி பெஞ்சுல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருவாங்க. எங்க சண்டையெல்லாம் கேட்டிருப்பாங்க. "ஒண்ணுமில்ல அத்தை, உதட்டைக் கடிச்சுட்டேன்." பொய் எவ்வளவு சுளுவா வருது. இதே பொய்யை வேற யாரோ, இதே குழாயில, விடு, விடு. "வெந்நி தாரேன், கொப்பளி. மாஸ்டர் கோவக்காரருதான், மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட மாட்டாரு. நீ அவன் மவுத்பீஸ்லயே ஊதிரும்மா. எனக்காக. கண்ணை மூடினா எம்பிள்ளை ஊதுத மாதிரியே இருக்கு, வருஷத்துல அந்த ஒரு நாளுக்குத்தான் நான் சோறு திங்கேன்." நான் என்ன சொல்ல? அத்தை, அது உங்க பிள்ளை சத்தம் இல்ல, என் உதடு அறுபடுத சத்தம்னா?  மூடியில வெந்நி ஊத்திக் குடுக்காங்க, நான் கொப்பளிக்கேன், எரியுது. "அவனும் இப்படித்தான், கடைசி வருஷம் பூரா வெந்நி வெந்நின்னு கேட்டு கொப்பளிச்சுக்கிட்டே கெடந்தான். பல்லு கூசுதுன்னான். இட்லியைக் கூட ஓரமா வெச்சு மென்னான். பல் டாக்டர்கிட்ட போலே, போலேன்னு கரையா கரைஞ்சேன், குருத்து ஞாயிறு முடியட்டும்மா, வாயில கை வெச்சா வாசிக்க முடியாதும்மான்னான். பிறகு பல்லாவது ஒண்ணாவது, மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டானே லாரிக்காரன்." சொல்லிட்டு அவங்க பிளாஸ்க்கை மூடுதாங்க, திருகித் திருகி, மூடின பிறகும் திருகுதாங்க. கடைசி வருஷம் பூரா. அத்தை, நீங்க சொன்னது உங்களுக்கே கேக்கலயா? இல்ல கேட்டு, கேட்டு, அதையும் சேத்துத்தான் திருகி மூடுதீங்களா?

கடல் பக்கம் கப்பல் ஊதுது. எந்தக் கப்பலோ, கீழ்ச் சுரம், ரொம்ப நீளமா. அத்தை போயிட்டாங்க. டக். இப்ப வந்துருச்சு. இப்ப மொத்தமா வந்துருச்சு, நான் கேக்காமலே, கப்பல் ஊதினதும் வாசல் தொறந்த மாதிரி. லாரிக்கு முந்தின வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வெயில், நான் பதினோரு வயசுச் சின்னப்பிள்ளை, ஜூனியர் பாட்டுக் குழுவுல பாடி முடிச்சுட்டு அப்பாவுக்காக இதே வாதாமரத்துக்கடியில நிக்கேன், கொட்டையைக் கல்லால தட்டிக்கிட்டு இருக்கேன். ஹால் ஜன்னல் வழியா ஹார்ன், ரொம்ப அழகா, மேல ஏறி ஏறி, உங்க குரல், தூக்கு, தூக்கு, பெல்லைத் தூக்குலேன்னு, பிறகு டக். நான் கையில இருக்க கல்லைப் பாத்தேன், நான்தான் தட்டினேன்னு நெனைச்சு. நான் தட்டல. ஹார்ன் நின்னுபோச்சு. மொத்த ஹாலும் நின்னுபோச்சு. ஆல்பன் அண்ணன் கைக்குட்டையை வாயில பொத்திக்கிட்டு இந்தப் படியில ஓடி வந்து, இந்தக் குழாயைத் தொறந்து, துப்பி, பிறகு குத்தவெச்சு உக்காந்து, இந்த வாய்க்கால்ல விரலை விட்டுத் தேடுதாரு. இலையை ஒதுக்கி ஒதுக்கித் தேடுதாரு. "அண்ணே, காசு விழுந்துட்டாண்ணே?"ன்னு கேட்டேன். திரும்பிப் பாத்தாரு. கண்ணுல தண்ணி. "ஆமா பாப்பா, காசுதான்"னாரு. கைக்குட்டைக்கு உள்ள இருந்து. "நான் தேடித் தரட்டாண்ணே?" "வேண்டாம் பாப்பா, சின்னக் காசு. யாருகிட்டயும் சொல்லாத." விரலை உதட்டுல வெச்சாரு. நான் எங்க சொன்னேன், மறந்தே போயிட்டேன், அன்னைக்கு அப்பா ஐஸ் வாங்கிக் குடுத்தாரு, அதுதான் ஞாபகம். நான் இப்ப குனிஞ்சு நிக்கேன், வாய்க்காலைப் பாத்துக்கிட்டு, கை தன்னால இலையை ஒதுக்குது. சிமெண்டு இடுக்குல வெள்ளையா என்னவோ. சுண்ணாம்பு. சுண்ணாம்புதான். எத்தனை மழை போயிருக்கும், இன்னுமா இருக்கும், அறிவில்லாத கை, தேடாத.

"என்னத்தைட்டி தேடுத?" செல்வின் அண்ணன், ரெண்டு கையிலயும் டீ, பாக்கெட்டுல மக்ரூன் பொட்டலம். அன்னைக்கும் ஆல்பன் அண்ணன் பக்கத்துலதான் இவரு உக்காந்திருந்தாரு, இன்னைக்கு என் பக்கத்துல, அதே ரெண்டாவது நாற்காலி, நகரவே இல்ல, கோயில் தூண் கணக்கா. "காசு"ன்னேன். டீ அவரு கையில தளும்பிச்சு. நிசமா தளும்பிச்சு, பெருவிரல்ல ஊத்திச்சு, ஆனா ஸ்ஸுன்னு கூட சொல்லல. "இந்தா, குடி. வீம்பு பண்ணாம அதை மாட்டி எட்டு பாரை ஊதிட்டு வீட்டுக்குப் போ மக்கா. வருஷத்துல ஒரு நாளு." "என் உதடு வருஷத்துல ஒரு நாளைக்கு மட்டும் இருந்தாப் போதுமாண்ணே?" "வாய் இருக்கே உனக்கு." "இருக்க வரைக்கும்தான பேச முடியும். உங்களுக்கு என்னண்ணே, எனக்கு உதடு போனா நாற்காலி உங்களுக்குத்தான்." தப்பு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது, முகம் அப்படியே விழுந்துபோச்சு. "எனக்கு வேண்டாம் அந்த நாற்காலி. நாலு தடவை குடுத்தாரு, நாலு தடவையும் வேண்டாம்னேன்." "ஏன்?" மக்ரூனை எடுத்து, கடிக்காம, அதைப் பாத்துக்கிட்டு நிக்காரு. "அண்ணே, கீறல் ஏன் மேல வரணும்?" "தெரியாது." "வட்டத்துக்கு ஏதுண்ணே மேல?" "தெரியாதுன்னு சொல்லுதேன்ல." "அண்ணே, இன்னைக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, உங்களுக்குக் கேட்டுச்சா?" அப்பதான் அவரு என் வாயைப் பாத்தாரு. என்னைய இல்ல, வாயை. "பல்லு இருக்கா"ன்னாரு. ரொம்ப மெதுவா. ரத்தம் வருதான்னு கேக்கல, வலிக்கான்னு கேக்கல. பல்லு இருக்கா. கேட்டுட்டு, கேட்டதைத் திருப்பி வாய்க்குள்ள போட்டுக்கிட முடியாம, "அவனும் இங்கதான் நின்"னு ஆரம்பிச்சு, நிறுத்தி, டீயை வாய்க்கால்ல ஊத்திட்டு, "மாஸ்டர்தான் எனக்கு ஸ்கூல்ல வேலை வாங்கிக் குடுத்தாரு ஸ்டெனி, எனக்கு ரெண்டு பிள்ளை"ன்னாரு. நான் வேலையைப் பத்திக் கேக்கவே இல்லையேண்ணே.

போயிட்டாரு. மணி அடிக்கப் போகுது. எனக்கு இப்ப பயமா இருக்கு, கோவம் எங்க போச்சு, இவ்வளவு நேரம் கூடவே இருந்துச்சே. சும்மா மாட்டி ஊதிரலாம். கீறலை மேல வெச்சு. உதடு அறுத்தா அறுக்கட்டும், மிளகு அளவு மரத்தது புளியங்கொட்டை ஆகும், அடுத்த வருஷம் நானும் கல்யாண ஹால்ல என்னத்தையாவது வாசிப்பேன், எனக்கும் தகுதி இல்லன்னு சொல்லிருவாங்க, பிலோ அத்தை ஒரு நாளாவது சோறு திம்பாங்க. இல்ல சொன்னா? சொன்னா அந்தம்மாவுக்கு லாரியும் இல்ல. இத்தனை வருஷமா திட்டி அழ ஒரு லாரி இருந்துச்சு, அதையும் நான் பிடுங்கிருவேன். பிடுங்கலாமா? மாஸ்டர், இதுக்கு நீங்க பதில் சொல்லுங்களேன், எல்லாத்துக்கும் சொல்லுவீங்கள்ல. நீங்க கெட்டவரு இல்லன்னு எனக்குத் தெரியும், அதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்கு ஹார்னே நீங்கதான் குடுத்தீங்க, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஊதுகுழல்னு அப்பா சொன்னப்ப வீட்டுக்கு வந்து தரையில உக்காந்து சண்டை போட்டீங்க. அன்னைக்கு வேணும்னு தட்டியிருக்க மாட்டீங்க. சத்தத்துல மயங்கித் தட்டியிருப்பீங்க. பிறகு பயந்திருப்பீங்க. அவரும் உங்களுக்காக வாயை மூடிக்கிட்டாரு, பல்லு கூசுது, காசு விழுந்துச்சு, குருத்து ஞாயிறு முடியட்டும்னு. எந்தக் கடைக்குப் போயாவது, அரத்தை வாங்கி, ராத்திரியும் பகலுமா ராவி, நீங்க உடைச்ச வாய்க்கு ஏத்த மாதிரி இதை மாத்திக்கிட்டு ஊதினாரு, அந்தச் சத்தத்தைத்தான் தெய்வம்னீங்க. அது வரைக்கும் கூட மன்னிக்கேன். லாரி வந்துச்சே, லாரியைப் பாத்ததும் உங்களுக்கு ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அப்பாடான்னு இருந்துச்சா மாஸ்டர்? அதனாலதான் மைக்ல அவ்வளவு அழுதீங்களா? இன்னைக்கு என் பெல்லைத் தட்டும்போது கை கூசலயா? மறந்துபோச்சா உங்க கைக்கு?

மணி. போறேன். என்னோடதை ஹார்ன்ல மாட்டிட்டேன், தண்டு ஒழுங்கா போய் உக்காந்துருச்சு. அவரோடது கைக்குட்டையில, கைக்குட்டை கையில. படி ஏறுதேன், ஹாலுக்குள்ள வெயில் போயி இருட்டு, எல்லாரும் சுதி சேத்துக்கிட்டு இருக்காங்க, அந்த இரைச்சல்ல போட்டோ, மாலை, மூடின வாயி. நாற்காலியைத் தாண்டிப் போறேன். செல்வின் அண்ணன் என் பாவாடையைப் பிடிச்சு இழுத்த மாதிரி "ஸ்டெனி, வேண்டாம் மக்கா"ங்காரு, உதட்டை அசைக்காம. கடைசி பெஞ்சு. பிலோ அத்தை கண்ணை மூடியாச்சு. "அத்தை, கையை நீட்டுங்க." உள்ளங்கையில வெச்சு, கீறல் மேல பாக்குத மாதிரி திருப்பி, அவங்க விரலைப் பிடிச்சு அந்தத் தட்டையான இடத்துல வெச்சேன். "தடவிப் பாருங்க அத்தை. இது உங்க பிள்ளை பல்லு இருந்த இடம்." அந்த விரல் அங்கேயே நின்னுச்சு. போகல, வரல. ஒவ்வொரு வயலினா நிக்குது. மாஸ்டர் குச்சியால ஸ்டாண்டைத் தட்டுதாரு, டக், டக். அதைத் தட்டாதீங்க மாஸ்டர். எனக்கு மூச்சு இழுக்க வருது, எனக்கு முன்னாடி யாரும் இழுக்கல, இந்தத் தடவை என் மூச்சுதான் முதல்ல, நான் வாயைத் தொறந்து பேசுத சத்தம் அந்த உயரக் கூரையில போய்ப் பட்டுத் திரும்புது. "மாஸ்டர், நான் உக்காரதுக்கு முன்னாடி ஒண்ணு. தனியா ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், பிறகு சொல்லுதேன்னும் சொல்ல வேண்டாம். இங்க, இவங்க எல்லாரும் கேக்க, ஜோயல் அண்ணனுக்கும் பிரிட்டோவுக்கும் சேத்து, செல்வின் அண்ணன் பக்கத்துல உக்காந்து கேக்க, இந்தா இவங்க விரலை எடுக்காம உக்காந்து கேக்க, சத்தமா சொல்லுங்க. அந்த லாரி வாரதுக்கு முந்தின வருஷம், தவக்காலத்துல, இந்த ஹால்ல, ஆல்பன் அண்ணனோட பெல்லைத் தட்டினது யாரு?"